வாசலில் சக்கரவர்த்தி

போன வருஷம் தன் கையால் கொன்ற ஆள், மொபெட்டை நிறுத்திவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதைக் கார்த்திகேசன் ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

"இளமதி, அண்ணன் வந்திருக்கறாரு. நான் வீட்டுல இல்லன்னு சொல்லிடு."

"உங்க செருப்பு வெளிலதான் கெடக்குது. பாத்துட்டுதான் வராரு" என்றாள் மனைவி.

கொன்றது காகிதத்தில்தான். மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் கார்த்திகேசன், ஆறு வருஷம் முக்கி முக்கி எழுதிய விண்வெளி நாவல் தை மாதம் வெளிவந்திருந்தது. வியாழனைத் தாண்டி ஒரு நிலவு; அதில் மட்டும்தான் தண்ணீர். அதற்காக மனிதர்களும் நெகிரர்கள் என்ற வேற்றுக்கிரகக் கூட்டமும் நானூறு பக்கம் சண்டை போட்டார்கள்.

நெகிரர்களின் சக்கரவர்த்தி வக்கிரன் வேறு யாருமில்லை, நெல்லிக்குப்பத்தில் கரும்பு பயிரிடும் அண்ணன் பொன்னுரங்கம்தான். பாகம் பிரித்தபோது பொது போர்வெல் யாருக்கு என்று மூண்ட தகராறில், ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. நேரில் கேட்க முடியாததையெல்லாம் கார்த்திகேசன் சக்கரவர்த்தியின் தலையில் இறக்கியிருந்தான். நாலு கையும் பச்சைத் தோலும் கொடுத்தாலும், அப்பா வழியில் வந்த கூர்மூக்கை மாற்றவில்லை. கோபம் வந்தால் ஏறும் இடது புருவத்தையும் விடவில்லை.

கையெழுத்துப் பிரதியைப் படித்த அன்றே இளமதி, "இந்தச் சக்கரவர்த்திய எங்கயோ பாத்த மாதிரியே இருக்குதே" என்று அவன் முகத்தைப் பார்த்தாள். ஜாடை பிடிபட்டுவிட்டது என்று அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பூமியிலிருந்து வந்த ஏழு சமாதான ஓலைகளையும் வக்கிரன் பிரிக்காமலே எரிக்கும் இடம்தான் நாவலில் உச்சம். அதை எழுதியபோது, அண்ணன் மகள் காயத்ரியின் மஞ்சள் நீராட்டுக்கு வந்த பத்திரிகை கார்த்திகேசன் வீட்டுப் பரணில் உறை பிரிக்காமல் கிடந்தது.

பொன்னுரங்கம் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து நாவலை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்துப் பன்னிரண்டு இடங்களில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. எல்லாமே சக்கரவர்த்தி வரும் பக்கங்கள்.

"வாங்க மாமா, காபி போடறேன்" என்று இளமதி சமையலறைக்குள் நழுவினாள்.

"காயத்ரி சிதம்பரத்துல படிக்கறால்ல, அங்க கடையில பாத்து வாங்கியாந்தா. சித்தப்பா எழுதுனதாச்சேன்னு, லீவுல உக்காந்து எனக்குப் படிச்சிக் காட்டுனா."

"முழுசுமாண்ணா?"

"ஒரு பக்கம் விடல."

கார்த்திகேசன் தொண்டையைச் செருமினான். "அது சும்மா கற்பனைண்ணா. வேற கிரகம். யாரயும் மனசுல வச்சி எழுதல."

"எங்கிட்டயே கதை வுடாத. தண்ணிச் சண்டைன்ன ஒடனே புரிஞ்சிபோச்சி. அந்தச் சக்கரவர்த்தி யாருன்னு காயத்ரியே கண்டுபுடிச்சிட்டா."

கார்த்திகேசனுக்கு காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அண்ணனுக்குத் தலை முழுதும் நரைத்துப்போயிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. நாவலில் அது இல்லை.

"கடைசில அவன் ஒண்டியா கெடந்து சாவறான் பாரு. ஒரு ஓலையவாவது பிரிச்சிப் பாத்திருக்கலாமேன்னு நெனச்சிக்கினே உசுரு போவுது. அதப் படிக்கறப்ப காயத்ரி அழுதுட்டா. நான் எழுந்து வயல் பக்கம் போயிட்டேன்."

"அண்ணா, அது வந்து..."

பொன்னுரங்கம் எழுந்து வந்து தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"போவட்டும் வுடுடா. அதுக்காவ ஒருத்தன் தன்னையே இவ்ளோ கேவலமாவா எழுதிக்குவான்?"