நூலளவு ஆழம்

"வேலிக் கம்பியை அறுத்ததும் இல்லாம என் மூக்கையும் உடைச்சிட்டான் உன் தம்பி. இன்னிக்கு அவன் பொணம்தான்!" ஆர்வில் ரைஃபிளோடு பிக்கப் வண்டியில் பாய்ந்து ஏறினான்.

அவன் மனைவி லோர்னா தடுக்கவில்லை. தோட்டாக்களைத் தன் கையாலேயே செய்பவன் அவன். நானூறு கஜத்திலும் குறி தப்பாது. நேற்று அவன் கறுவியதுமே, அவனுடைய தோட்டா செய்யும் கருவியில் வைத்து ஒவ்வொரு தோட்டாவின் முனையிலுள்ள குண்டையும் நூலளவு கூடுதலாக உள்ளே அழுத்திவிட்டிருந்தாள். இனி வைத்த குறியில் படாது.

வெடிச்சத்தம் கேட்டது. லோர்னா வேலிப்பக்கம் ஓடினாள்.

தம்பி க்ளீட் பனியில் தொண்டை கிழிந்து கிடந்தான். அவன் கழுத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு கதறினான் ஆர்வில்.

"பயமுறுத்தத்தான்டி சுட்டேன்! பக்கத்துல இருந்த கம்பத்தைத்தான் குறி வெச்சேன். என் குண்டு எப்படிடி தப்பும்?"