மீண்டு வந்த பட்டியல்

“இருபது வருஷ சர்வீஸ்! ஒரு ஃபைலைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலை. கையா அது, உலக்கையா?”

மேலாளர் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. தட்டச்சுப் பிரிவு அக்கா தலைகுனிந்து நின்றாள்.

அலுவலகக் கணினிகளைப் பழுதுபார்ப்பவன், அழிந்த ஃபைலை மீட்க, அதற்குள் அவளுடைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

“அந்த ஃபைல் அஞ்சு மணிக்குள்ள தலைமை அலுவலகத்துக்குப் போயாகணும்ப்பா. தவறினா இந்த வருஷம் வாங்கவே மாட்டாங்க” என்ற மேலாளர், அவன் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பதவி உயர்வுப் பட்டியல். உன் பேரும் இருக்கு.”

அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்த வார்த்தைக்காக ஆறு வருஷமாகக் காத்திருந்தவன் அவன்.

மேலாளர் அறைக்குள் போனதும் அக்கா மெல்ல அருகில் வந்தாள்.

“தம்பி, போனது போனதாவே இருக்கட்டுமே. கிடைக்கலைன்னு சொல்லிடேன்.”

“ஏன், அடுத்தவன் மேல வந்துடுவான்னு வயித்தெரிச்சலா?”

“அப்படியில்லப்பா. நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில கூடத் தங்காதபடி ஒரேயடியா அழிச்சிருக்கீங்க. கை தவறினா இப்படி ஆகாதுக்கா. இதுலயே ஊறினவன்கிட்டயா கதை விடறீங்க? போங்க, போய் உக்காருங்க.”

அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அவன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. மீண்டு வந்த கோப்புகள் பெயரை இழந்திருந்தன. வெறும் எண்கள்தாம் மிச்சம். ஒவ்வொன்றாகத் திறந்துதான் தேட வேண்டும். விடுப்பு விண்ணப்பங்கள், பழைய சுற்றறிக்கைகள், யாருக்கோ எழுதிய வாழ்த்துகள். நாலரை மணிக்கு, ‘மிக அவசரம், ரகசியம்’ என்ற முகப்புக் கடிதத்தோடு ஒன்று திறந்தது.

“சார், கிடைச்சிருச்சு!”

மேலாளர் ஓடிவந்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, “இதேதான்! கெட்டிக்காரன்டா நீ” என்று பென் டிரைவை வாங்கிக்கொண்டார்.

“சார், ஒரு விஷயம். இது கை தவறி அழிஞ்சதில்ல. வேணும்னே அழிச்சிருக்காங்க.”

“அப்படியா சங்கதி? முதல்ல இதை அனுப்பிட்டு வரேன். அந்தம்மாவுக்கு நாளையிலேர்ந்து இங்க வேலை கிடையாது.”

அவர் போனதும், தன் பெயரை ஒருமுறை கண்குளிரப் பார்த்துவிடலாம் என்று தன் திரையில் அடுத்த பக்கத்துக்குப் போனான்.

‘ஆட்குறைப்பு: பணியிலிருந்து நீக்கப்பட வேண்டியோர்.’

ஒன்பது பெயர்கள். மூன்றாவது அவனுடையது.

அக்காவின் பெயரைத் தேடினான். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக மறுமுறை.

அந்த ஒன்பதில் அவள் பெயர் இல்லவே இல்லை.