சந்தனத் தலை

பழவேற்காடு ஏரியில் வெயில் சாய்கிறது. எத்தனையோ நாளாக வராத பொன்வெளிச்சம் இன்று தண்ணீர் முழுக்கக் கிடக்கிறது; தூரத்துத் திட்டில் பூநாரைகள் கூட்டமாக நிற்கின்றன. காமிராவுக்குப் பக்கத்தில் ஹார்வி துரை அசையாமல் நிற்கிறார். லண்டன் டெலிவிஷனில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் படம் எடுத்தவர். சினிமாவுக்கென்று எடுப்பது இதுதான் முதல் தடவை. இது நின்றுபோனால் இன்னொன்று தர அங்கே ஆளில்லை. பாதிப் படம் முடிந்திருக்கிறது. அந்தப் பாதியில் இரட்டைச் சடை பறக்கக் கரையெல்லாம் ஓடிய மீனவச் சிறுமி கங்கம்மா, இப்போது மொட்டைத் தலையில் சந்தனம் மின்ன அவர் எதிரே நிற்கிறாள்.

“தொரை படம் நல்லா முடியணும்னு திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கினு இருந்தேன். காலைலதான் முடி எறக்கினு வந்தோம்,” என்கிறாள் தாய் செங்கம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக. “இன்னாண்ணே, கம்முனு நிக்கிறீங்க? தொரைகிட்ட சொல்லுங்க.”

பொன்னேரியிலிருந்து மொழிபெயர்க்க வந்த சாலமோன் மணலைப் பார்த்தபடி சொல்கிறான். செங்கம்மாள் எக்கி அவர் நெற்றியில் திருநீறு பூச வருகிறாள். அவர் குனிந்து கொடுக்கிறார். கங்கம்மா படகில் ஏறி, தனக்கென்று சுண்ணாம்பால் போட்டிருக்கும் குறியில் காலை வைக்கிறாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே முகத்தை ஏரிப் பக்கம் திருப்புகிறாள். இல்லாத சடையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்கிறாள். பூநாரைகள் ஒருசேர எழும்புகின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள், அவர் “ஆக்‌ஷன்” சொல்வதற்காகக் காத்து நிற்கிறாள்.