சைக்கிள் கடைக்காரரின் மனைவி

முன்பனிக் காலத்து வைகறை. மரங்கள் இலைநுனிதோறும் நீர்த்துளி ஏந்தி மோனத்தில் நின்றன. கூரையும் மதிலும் தெருவிளக்கும் வெண்துகில் போர்த்து, எவரோ ஒருவரின் எழுந்தருளலுக்குக் காத்திருப்பனபோல் தோன்றின. துதிப்பதற்கென்றே அமைந்த பொழுது அது.

"விட்டுடாதடி, பாவி!" என்றோர் அலறல் பள்ளி மைதானத்திலிருந்து எழுந்து அந்த அமைதியைக் கிழித்தது.

"விட்டு அரை மைதானம் ஆச்சு அத்தை!" என்று தொலைவிலிருந்து மருமகளின் குரல் வந்தது.

ஐம்பத்திரண்டு வயது மாமியார் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் சைக்கிளோடு சாய்ந்தாள்.

மருமகள் ஓடிவந்து தூக்கினாள். "நான் தள்ளிவிட்டேன்னு வெளியே சொல்லிடாதீங்க. எல்லாரும் நம்பிடுவாங்க."

"அதை விடு. தனியா ஓட்டினேன்ல? சொல்லு, ஓட்டினேன்ல?"

பத்து வயதில் அண்ணனின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடியே அவளுடைய விடுமுறைகள் கழிந்தன. ஒருநாளும் அண்ணன் அவளை ஏற விட்டதில்லை. பின்னர் ஒரு சைக்கிள் கடைக்காரருக்குக் கழுத்தை நீட்டியபோது, கேளாமலே வரம் வந்துவிட்டதென்று உள்ளம் பூரித்தாள். வந்த வரம் வாசலிலேயே நின்றுவிட்டது.

மணமான வாரமே, "எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க" என்று கேட்டாள். "அப்புறம் பார்க்கலாம்" என்றார் கணவர். அந்த 'அப்புறம்' முப்பது ஆண்டுகள் நீண்டு, "இந்த வயசுலயா?" என்பதில் வந்து முடிந்தது.

அவரோ அந்த வட்டாரத்துக்கே 'சைக்கிள் டாக்டர்'. சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றிவிட்டு, கண்ணை மூடி ஓசையைக் கேட்டே எந்தக் கம்பி தளர்ந்ததென்று சொல்லிவிடுவார். பழுது நீக்கிய வண்டியை நான்கு தெரு தாண்டியும் தள்ளிக்கொண்டே போய் ஒப்படைப்பார். பிறர் பொருள்மீது ஏறி அமராத அந்த ஒழுக்கத்தை மெச்சாதவர் இல்லை.

அத்தகைய கைதேர்ந்தவர் கட்டியவளுக்கு மட்டும் கற்றுத்தர மறுத்தால், அது ஏளனம் அன்றி வேறென்ன? அந்த முள் அவள் நெஞ்சில் ஆழமாகவே தைத்திருந்தது.

ஆகவேதான் தபால் பட்டுவாடா செய்யும் மருமகளைக் குருவாகக் கொண்டாள். மூன்று மாதமாக மருமகளின் வண்டி ஓயாமல் வைத்தியத்துக்கு வந்தது. "தபால் குடுக்கப் போறியாம்மா, மல்லுக்கட்டப் போறியா? வாராவாரம் ஹாண்டில்பார் கோணுதே!" என்று மாமனார் அலுத்துக்கொள்வார். மாமியார் முழங்காலில் சுற்றிய துணிக்கட்டைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, "சின்னப் பொண்ணு, நிதானம் பத்தாது" என்பாள். மருமகள் வாயைத் திறக்கமாட்டாள்.

இன்று மாமியார் புழுதியைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நேரா கடை வாசல்லயே போய் இறங்கப் போறேன். 'பரவாயில்லையே'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாலு பேர் முன்னாடி சிரிச்சார்னா, இனி இதைத் தொடவே மாட்டேன்."

"போங்க அத்தை. பிரேக்கு இருக்குங்கறதை மட்டும் மறந்துடாதீங்க."

கடையில் கணவர் குந்தி அமர்ந்து சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அருகில் பள்ளி வாத்தியார் தம் வண்டிக்காக நின்றார். மணியோசை கேட்டு இருவரும் நிமிர்ந்தனர். அவள் வளைந்து வந்து, பிரேக்கை அழுத்தி, காலூன்றி இறங்கினாள். விழவில்லை.

வாத்தியார் கைதட்டினார். "அடேயப்பா! அண்ணே, எங்களுக்குத் தெரியாம அண்ணிக்குப் பாடம் நடந்திருக்கே! குரு யாருன்னு ஓட்டத்துலயே தெரியுது!"

கணவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது.

"நீங்களும் ஒரு வண்டியை எடுங்கண்ணே. ரெண்டு பேரும் ஜோடியா ஒரு சுத்து போயிட்டு வாங்க. கண்குளிரப் பார்த்துட்டுக் கிளம்பறேன்."

கணவரின் முகம் இருண்டது. "கடை லீவு. உங்க வண்டி நாளைக்கு" என்று சொல்லி, வாத்தியார் வாய் மூடுமுன் ஷட்டரை இழுத்துவிட்டார். மனைவியையும் சைக்கிளையும் பின்பக்கச் சந்துக்கு அழைத்துச் சென்றார்.

அவள் ஹாண்டில்பாரை விடாமல் நின்றாள். "சிரிக்கணும்னா இங்கயே சிரிச்சுடுங்க."

அவர் சிரிக்கவில்லை. சந்தின் இருபுறமும் பார்த்தார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"மருமக."

"எத்தனை நாளாச்சு?"

"மூணு மாசம்."

"ரொம்ப விழுந்தியா?"

"ரொம்ப."

அவர் குனிந்து பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். குரல் காற்றோடு கலந்து வந்தது. "எனக்கு ஓட்டத் தெரியாது. டாக்டர் டாக்டர்னு கூப்பிட்டே காலைக் கட்டிட்டாங்க. அப்புறம் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். பிறகு பனி விலகும் வானை நோக்கிக் கண்மூடி, ஓசையின்றிக் கைகூப்பி நின்றாள். இதழ் மட்டும் அசைந்தது. கண்விழித்து, சைக்கிளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை அவருடைய நரைத்த தலைமீது வைத்தாள்.

"விழுந்து எழுந்து நூறு வருஷம் நல்லா இருங்க. ம்… ஏறுங்க."