தலைவர் ருசித்த வைன்

வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில், வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பழைய ஸ்பானிய வைனைப் புதுத் துரை திறக்கிறார். மரப்பீப்பாயில் பல வருஷம் கிடந்த அதன் வாசம், நனைந்த பலகையும் உலர்ந்த திராட்சையுமாக, ஊற்றும் சமையல்காரர் சிறிலின் மூக்கில் ஏறுகிறது. மாலை வெயிலில் கிளாஸில் வைனின் விளிம்பு செங்கல் நிறம் காட்டுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர் லியனார்ட், வைனைப் பூசையில் மட்டுமே பார்த்தவர். கிளாஸை எடுக்குமுன் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொள்கிறார். ஒரு மிடற்றை நாக்கில் நிறுத்தி, கண்ணை மூடி, மெல்ல விழுங்குகிறார். "தொண்டையில வழுக்கிட்டுப் போகுதுங்க துரை. நாளைக்கு எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிருவாங்க." கீழே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், பெண்கள் தலைவர் பேரைச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள்; பசியில் கம்மிய ஒரு குரல் சிறிலின் மனைவி தெரேசாவுடையது. சிறிலின் முகத்தைப் பார்க்காமல் லியனார்ட் கிளாஸை நீட்டுகிறார். "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க சிறில்."