2207-க்கு என்ன ஆச்சு?

"ஏம்மா, யாரும்மா இந்த 2207? தெரிஞ்சுக்கலைன்னா எனக்குத் தலையே வெடிச்சிடும் போல இருக்கே!"

கண்காணிப்பாளர் கணினித் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். பல்கலைக்கழகப் புள்ளிவிவரப் பிரிவில் அவருக்கு 'துப்பறியும் சார்' என்றே பெயர். ஒரு எண் உதைத்தால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது.

"எப்படி சார் தெரியும்? ஆணையத்துக்குப் போற அறிக்கையில பேரே இருக்கக் கூடாதே. வெறும் நம்பர்தானே?" என்றாள் எதிர் சீட்டு எழுத்தர்.

உயர்கல்வி ஆணையத்துக்கு இன்று மாலைக்குள் மாணவர் விவரம் போயாக வேண்டும். ஆறு வாரமாகப் பிரிவே மாடாக உழைத்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிசைகளைச் சரி செய்தாகிவிட்டது. இந்த ஒன்று மட்டும் சிவப்பாக நின்று அடம் பிடித்தது. 'படிப்பு நின்ற காரணம்' என்ற கட்டம் காலி.

"காலியா விட்டா என்ன ஆகும்?"

"விலகினவங்கன்னு கணக்காயிடும் சார். சீட்டு போயிடும். காரணம் எழுதினா இடைவெளின்னு எடுத்துக்குவாங்க. அடுத்த வருஷம் திரும்ப வந்து படிக்கலாம்."

"அடப் பாவமே! ஒரு கட்டத்துக்காக ஒருத்தர் படிப்பு போறதா? விடக் கூடாது." சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "பெண். வயசு முப்பத்திநாலு. மாலை வகுப்பு. ரெண்டு பருவம் ஒரு நாள்கூட லீவு இல்ல. கணக்குல முதல் மார்க் வேற! அப்புறம் திடீர்னு நிறுத்தியாச்சு. உடம்புக்கு ஏதாவது வந்திருக்குமோ?"

"ஒரு நாள்கூட லீவு போடாதவங்கன்னு இப்பதானே சொன்னீங்க?"

"அதுவும் சரிதான். புருஷன் தடுத்திருப்பானோ?"

"சேச்சே, அவரு அப்படி... எல்லாரும் அப்படியா சார் இருப்பாங்க?"

"எப்ப நின்னாங்க?"

"ஜூன் பதினொண்ணு." திரையைப் பார்க்காமலே சொன்னாள்.

"வகுப்பு எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு சார்."

கண்காணிப்பாளர் எழுந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "ஜூன் பதினொண்ணு, ஆறு மணி... பஸ் நேரத்தை மாத்திட்டாங்களா? வாத்தியார் திட்டினாரா? இல்லம்மா, எவனோ ஒரு புண்ணியவான் குறுக்கே விழுந்திருக்கான். நல்லாப் படிக்கிற பொண்ணு வாயில மண்ணை அள்ளிப் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அப்ப இருக்கு அவனுக்கு!"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், நேரமாகுது. நானே ஒரு காரணம் எழுதட்டுமா?"

"தாராளமா எழுது. ஆனா உண்மையா இருக்கணும், ஆமா."

அவள் விரல்கள் தயங்கித் தயங்கித் தட்டின. சிவப்பு வரிசை பச்சையானது.

"அட, கண்டுபிடிச்சிட்டியா!" துப்பறியும் சார் ஓடி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'ஆணைய அறிக்கை முடியும்வரை புள்ளிவிவரப் பிரிவில் யாரும் ஏழு மணிக்கு முன் சீட்டை விட்டு எழக் கூடாது என்று கண்காணிப்பாளர் ஜூன் 11 அன்று போட்ட உத்தரவு.'

அவர் மெல்ல நிமிர்ந்தார். எதிரே 2207 தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.