முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

அவள் மூன்றாம் முறையாகக் குனிந்தாள்.

ஒரே கொக்கியிலிருந்து இரண்டு நூல்கள். நுனிகளில் அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு தெர்மோகோல் உருண்டைகள். தேய்த்த பிளாஸ்டிக் ஸ்கேலால் தொட்டதும் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நின்றிருந்தன.

பின்னால் இருந்த அளவுகோல் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் படித்தபோது இடைவெளி இருபத்தொரு மில்லிமீட்டர்.

சரிபார்த்தாள். பதினான்கு.

இப்போது ஆறு.

மாலை வகுப்பின் இயற்பியல் லேபில் அவளுக்கு ஜோடி ரூபன். அவன் எழுதியிருந்தது: 32, 31, 32.

ஒரே மேசை. ஒரே நூல்.

அவன் தள்ளி நின்று ஒரு பார்வை பார்ப்பான், எழுதுவான். அளந்த மாதிரியே இருக்காது. இந்தப் பாடத்தை இரண்டாம் முறை எழுதுகிறவன் வேறு. போன வருட ரெக்கார்டு வீட்டில் இருக்கும்.

அவள் குனியும்போதெல்லாம் சொல்வான்:

"இவ்ளோ கிட்டப் போகாதீங்க மேடம். நீங்க பாக்குற பார்வைல அது பயந்துரும்."

கிட்டப் போனால் எது தெரிந்துவிடும் என்று இவனுக்குப் பயம்?

ஜோடிக்கு ஒரே ரெக்கார்டு. பொய் அளவு என்று தெரிந்தால் இருவருக்கும் அந்த வருடம் போச்சு. முன்னதாக வந்து சொல்கிறவர் தப்பலாம். சார் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவள் ஒரு தாளில் எழுதினாள்.

ரூபனின் அளவுகள் அளந்தவை அல்ல.

கீழே பெயர், ரோல் நம்பர். மடித்து, சாரின் வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தாள்.

சார் டீக்குப் போயிருந்தார். ரூபன் ஸ்கேல் துடைக்கத் துணி தேடிப் போயிருந்தான்.

தவறு தன்னுடையதாக இருந்தால்?

எதற்கும் இன்னொரு முறை.

ஸ்கேலைத் துப்பட்டாவில் தேய்த்துத் தொட்டாள். விலகின. குனிந்தாள்.

அடுத்த அறையில் யாரோ ஈயம் உருக்கிச் சால்டரிங் வைத்தார்கள். புகை வந்தது. துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள்.

முப்பத்திரண்டு.

இருபது வரை எண்ணினாள்.

முப்பத்திரண்டு.

துப்பட்டாவை எடுத்தாள். வழக்கம்போல் மூச்சு விட்டாள்.

உருண்டைகள் மெல்ல நெருங்கின. மூச்சை அடக்கினாள்; அப்படியே நின்றன.

நோட்டைப் புரட்டினாள். போன வாரக் குறிப்பு, அவளுடைய கையெழுத்து, அடிக்கோடு வேறு: நூலில் ஈரம் பட்டால் மின்னூட்டம் கசிந்துவிடும்.

ரூபன் துணியோடு உள்ளே வந்தான்.

"என்ன, மறுபடி பயந்துருச்சா?"

அவனுக்குப் பின்னால் சார். டம்ளரை மேசையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

அவள் இன்னும் மூச்சை விடவில்லை.